என்பிஏ ஃப்ரீ ஏஜென்சி: பணமா, கோப்பையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூலையிலும் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே இதே சண்டைதான். ஒருவர் அதிகச் சம்பளத்துக்குப் போனால் "பணத்தாசை" என்பார்கள். குறைந்த சம்பளத்துக்கு வலுவான அணியில் சேர்ந்தால் "குறுக்கு வழி" என்பார்கள். இரண்டு பக்கமும் மறந்துவிடுவது லீக்கின் சம்பள விதிகளை. வீரர் மனதில் என்ன இருந்தாலும், எந்த அணி எவ்வளவு தரலாம் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்வது அந்த விதிகள்தான். கீழே உள்ள தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் யார்?

ஒப்பந்தம் முடிந்து, அடுத்து எந்த அணியோடு வேண்டுமானாலும் பேசலாம் என்ற நிலையில் இருப்பவர். ஐபிஎல் ஏலத்தில் அதிகம் கேட்ட அணிக்கு வீரர் போயாக வேண்டும். இங்கே தேர்வு வீரருடையது.

இதில் இரண்டு வகை உண்டு. கட்டுப்பாடற்றவர் தன் விருப்பப்படி போகலாம். கட்டுப்பாடுள்ளவர், பெரும்பாலும் முதல் ஒப்பந்தத்தை முடித்த இளைஞர், வேறு அணியின் ஆஃபரில் கையெழுத்திட்டாலும் பழைய அணி ஓரிரு நாளுக்குள் அதே தொகையை ஒப்புக்கொண்டு அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அதனால் பிற அணிகள் இவர்களுக்கு ஆஃபர் கொடுக்கவே தயங்குகின்றன. பழைய அணி எப்படியும் தக்கவைத்துவிடும் என்றால், அதற்குள் தங்கள் பணத்தை ஏன் முடக்கிவைக்க வேண்டும் என்ற கணக்கு.

பேச்சுவார்த்தை எப்போது தொடங்கும்? கையெழுத்து எப்போது?

ஜூன் 30, நியூயார்க் நேரம் மாலை 6 மணிக்குத் தொடங்கும். இந்தியா, இலங்கை நேரப்படி ஜூலை 1 அதிகாலை 3:30. தன் பழைய அணியோடு மட்டும் இறுதிச்சுற்று முடிந்த மறுநாளிலிருந்தே பேசலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஜூலை 6 நண்பகலுக்குப் பிறகுதான் (நம் நேரம் இரவு 9:30) கையெழுத்திட முடியும். இடைப்பட்ட நாட்களில் செய்திகளில் வருவதெல்லாம் வாய்ப்பேச்சுதான், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

2015-ல் டீஆண்ட்ரே ஜோர்டன் டல்லஸ் அணிக்கு வாய்மொழியாகச் சம்மதித்தார். இந்த இடைவெளியிலேயே மனம் மாறி, பழைய கிளிப்பர்ஸ் அணியிலேயே கையெழுத்திட்டார். அவரை நம்பி மற்ற சென்டர்களை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்களை) கைவிட்ட டல்லஸால் எதுவும் செய்ய முடியவில்லை.

எந்த அணியும் கேட்ட பணத்தைத் தந்துவிடலாமா?

முடியாது. 2025-26 சீசனுக்கான கோடுகள் இவை: சம்பள வரம்பு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான எல்லை) 154.6 மில்லியன், சொகுசு வரிக் கோடு 187.9 மில்லியன், முதல் ஏப்ரன் 195.9 மில்லியன், இரண்டாம் ஏப்ரன் 207.8 மில்லியன். ஏப்ரன் என்பது வரிக் கோட்டுக்கும் மேலே போட்டிருக்கும் வேலி. அதைத் தாண்டும் அணி வரி கட்டுவதோடு, ஆள் சேர்க்கும் வழிகளையும் ஒவ்வொன்றாக இழக்கும்.

வரம்புக்குக் கீழே இடம் வைத்திருக்கும் அணி, அந்த இடம் அளவுக்குத் தாராளமாகத் தரலாம். வரம்பைத் தாண்டிய அணிகளுக்குச் சில விலக்குகள் மட்டுமே உண்டு. முழு மிட்-லெவல் விலக்கில் முதல் ஆண்டுக்கு 14.1 மில்லியன் வரை தரலாம். அதைப் பயன்படுத்திய அணி அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரனைத் தாண்டவே கூடாது. வரி கட்டும் அணிக்கான சிறிய மிட்-லெவல் 5.7 மில்லியன், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணிக்கு அதுவும் கிடையாது. வெளியிலிருந்து வரும் ஃப்ரீ ஏஜென்டுக்கு அது தர முடிந்தது குறைந்தபட்சச் சம்பளம் மட்டுமே.

கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள்தான் பெரும்பாலும் இந்த மேல் கோடுகளுக்கு அருகே இருக்கும். ஆக, வலுவான அணி குறைவாகத் தருவது பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் அல்ல. அதற்கு மேல் தர அதற்கு அனுமதி இல்லை.

பேர்ட் உரிமை என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

தன் சொந்த வீரரைத் தக்கவைக்க அணி சம்பள வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்கு. செல்டிக்ஸ் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படுகிறது. எவ்வளவு தாண்டலாம் என்பது வீரர் அங்கே எத்தனை சீசன் இருந்தார் என்பதைப் பொறுத்தது. மூன்று சீசன் என்றால் உச்சச் சம்பளம் வரை போகலாம். இரண்டு சீசன் என்றால் பழைய சம்பளத்தில் 175 சதவீதம், அல்லது லீக்கின் சராசரியை ஒட்டிய ஒரு தொகை, எது அதிகமோ அது. ஒரே சீசன் என்றால் பழைய சம்பளத்தில் வெறும் 120 சதவீதம். ட்ரேடில் (அணிகள் தங்களுக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதில்) அணி மாறினால் இந்தக் கணக்கு வீரரோடு கூடவே போகும். ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

இதன் விளைவைப் பார்க்க புரூஸ் பிரவுனைவிட நல்ல உதாரணம் இல்லை. 2022-ல் டென்வர் அணியில் சிறிய மிட்-லெவலில், சுமார் 6.5 மில்லியனுக்குச் சேர்ந்தார். 2023-ல் டென்வர் கோப்பையை வென்றது. பிரவுன் அதில் முக்கிய மாற்று வீரர். அவர் அங்கே இருந்தது ஒரே சீசன். எனவே டென்வர் தர முடிந்தது 120 சதவீதம், அதாவது சுமார் 7.8 மில்லியன். வரம்புக்குக் கீழே இடம் வைத்திருந்த இந்தியானா முதல் ஆண்டுக்கே 22 மில்லியன் தந்தது. இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பம், அதாவது அணி நினைத்தால் மட்டுமே நீடிக்கும். இரண்டும் சேர்ந்தால் 45 மில்லியன்.

அங்கே போனதை "கோப்பையை விட்டுப் பணத்துக்கு ஓடினார்" என்றார்கள். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசத்தை, அதுவும் அதுவரை பெரிய ஒப்பந்தமே பார்க்காத ஒருவர், வேண்டாம் என்பதற்கு நியாயமே இல்லை. ஆறு மாதத்தில் இந்தியானா அவரை டொரொண்டோவுக்கு ட்ரேடு செய்துவிட்டது. பணம் மட்டும் அவர் கணக்கில் வந்து சேர்ந்தது. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு டென்வருக்கே திரும்பினார். கோப்பை, பணம், மறுபடி கோப்பை வேட்டை என்று வரிசைப்படுத்திக்கொண்டவர் அவர். அந்த வரிசையை மாற்றியிருந்தால் நடுவில் வந்த பெரிய தொகை கிடைத்தே இருக்காது.

சொந்த அணியில் தங்கினால் உண்மையில் எவ்வளவு கூடுதல்?

சொந்த அணி ஐந்து ஆண்டு தரலாம், ஆண்டு உயர்வு 8 சதவீதம். மற்ற அணிகள் நான்கு ஆண்டு, 5 சதவீதம். இரண்டுமே முதல் ஆண்டுத் தொகையில் கணக்கிடப்படும், கூட்டுவட்டி இல்லை. உச்சச் சம்பளம் அனுபவத்தைப் பொறுத்தது: ஆறு ஆண்டு வரை வரம்பில் 25 சதவீதம், ஏழிலிருந்து ஒன்பது வரை 30, பத்தும் அதற்கு மேலும் 35.

பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு 2025-26-ல் உச்சம் 54.13 மில்லியன். சொந்த அணியில் ஐந்தாண்டுக்கு 313.9 மில்லியன் வரும். வெளியே நான்காண்டுக்கு 232.7. தலைப்புச் செய்தி "81 மில்லியன் இழப்பு" என்று வரும். அந்த 81-ல் 71-க்கும் மேல் ஐந்தாம் ஆண்டின் சம்பளம். முதல் நான்கு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் 10 மில்லியனுக்கும் குறைவு.

எனவே கேட்க வேண்டியது, அந்த ஐந்தாம் ஆண்டில் இவர் எவ்வளவு மதிப்புள்ளவராக இருப்பார் என்பதே. இருபத்தாறு வயதுக்காரருக்கு அந்த ஆண்டும் இதே அளவு ஆஃபர் வரும், இழப்பு சொற்பம். முப்பத்துமூன்று வயதுக்காரருக்கு அப்போது முப்பத்தெட்டு நெருங்கியிருக்கும். அந்த 71 மில்லியன் வேறு எங்கிருந்தும் வராது.

பணமும் வெற்றியும் ஒரே இடத்தில் கிடைத்ததே இல்லையா?

கிடைத்திருக்கிறது. 2024-ல் ஐசையா ஹார்டென்ஸ்டைன் நியூயார்க்கில் இரண்டு சீசன் முடித்திருந்தார். அணி தர முடிந்த உச்சம் பழைய சம்பளத்தில் 175 சதவீதம். நான்காண்டுக்குச் சுமார் 72.5 மில்லியன். ஒக்லஹோமா சிட்டியில் பெரும்பாலானோர் குறைந்த சம்பள இளைஞர்கள் என்பதால் வரம்புக்குக் கீழே இடம் இருந்தது. மூன்றாண்டுக்கு 87 மில்லியன் தந்தார்கள். 2025 ஜூனில் அதே அணி கோப்பையை வென்றது.

வலுவான இளம் அணி, அதன் நட்சத்திரங்கள் இன்னும் பெரிய ஒப்பந்தத்துக்கு வராத இரண்டு மூன்று ஆண்டுகள்: ஃப்ரீ ஏஜென்ட் தேட வேண்டிய பொற்காலம் அதுதான். அப்படி ஓர் அணி கண்ணில் பட்டால் நகரம் சிறியதா பெரியதா என்று யோசிப்பது வீண்.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் அணி பலம் பெறும் என்பது உண்மையா?

சில நேரம் மட்டும். விட்டுக்கொடுத்த தொகை ஏதாவது ஒரு கோட்டுக்குக் கீழே அணியைக் கொண்டுவந்து, அதனால் இன்னொரு வீரரை எடுக்கவோ வைத்துக்கொள்ளவோ வழி பிறந்தால்தான் பலன். இல்லையென்றால் மிச்சம் முதலாளிக்குத்தான்.

2017-ல் கெவின் டுரான்ட் செய்ததில் இரண்டுமே உண்டு. கோல்டன் ஸ்டேட்டில் ஒரே சீசன் முடித்திருந்ததால், அவருக்கு 120 சதவீத விதிப்படி சுமார் 31.8 மில்லியன் வரைதான் வரம்பைத் தாண்டித் தர முடியும். முழு உச்சமான சுமார் 34.7 வேண்டுமென்றால் அணி வரம்புக்குள் இடம் காலி செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் சக வீரர்கள் இகுவடாலா, லிவிங்ஸ்டன் இருவரின் பேர்ட் உரிமை போய்விடும். ஆக, 31.8-க்கு இறங்கியது அணிக்காக. அவர் அதற்கும் கீழே போய் 25 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அந்தக் கடைசி 6.8 மில்லியனும் அதன் மேல் விழவிருந்த வரியும் மிச்சமானது அணி உரிமையாளர்களுக்கு. 2018 கோப்பை வந்தது, யாரும் கணக்குக் கேட்கவில்லை.

டிம் டங்கன் 2012-ல் ஆண்டுக்கு 21 மில்லியனிலிருந்து 10 மில்லியன் அளவுக்கு இறங்கினார். சான் அன்டோனியோ சுற்றி இருந்தவர்களைத் தக்கவைத்து 2014-ல் வென்றது. அதே 2014-ல் டர்க் நோவிட்ஸ்கி 22.7 மில்லியனிலிருந்து மூன்றாண்டுக்கு 25 மில்லியன் என்ற அளவுக்கே இறங்கினார். டல்லஸ் கிடைத்த இடத்தில் சாண்ட்லர் பார்சன்ஸை 46 மில்லியனுக்கு எடுத்தது. அவருக்கு முழங்கால் தொல்லை. அதன்பின் டர்க் ஓய்வு பெறும்வரை அணி ஒரு பிளேஆஃப் சுற்றைக்கூட வெல்லவில்லை. இருவருடைய தியாகமும் பெரியது. அந்தப் பணத்தை நிர்வாகம் எங்கே செலவழித்தது என்பதில்தான் வித்தியாசம்.

"இப்போது குறைத்துக்கொள், பிறகு ஈடுகட்டுகிறோம்" என்று அணி சொன்னால்?

எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு மதிப்பில்லை. ரகசியமாக எழுதிக்கொண்டாலோ அது பெருங்குற்றம். மினசோட்டா அணி ஜோ ஸ்மித்தைச் சில ஓராண்டு ஒப்பந்தங்களில் மலிவாக வைத்திருந்து, பேர்ட் உரிமை வந்ததும் பெரும் தொகை தருவதாக ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தது. 2000-ல் அம்பலமானது. 3.5 மில்லியன் அபராதம், டிராஃப்டின் (அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதன்) முதல் சுற்றுத் தேர்வுகள் பல பறிப்பு, அவருடைய ஒப்பந்தமும் ரத்து.

2022-ல் ஜேம்ஸ் ஹார்டன் 47.4 மில்லியன் தரும் வீரர் விருப்ப ஆண்டை (தங்குவதா வெளியேறுவதா என்பது வீரர் முடிவு) விட்டு, 33 மில்லியனில் தொடங்கும் ஒப்பந்தத்துக்கு இறங்கினார். ஃபிலடெல்ஃபியா அந்த இடத்தில் பி.ஜே. டக்கரை எடுத்தது. மறு கோடையில் ஹார்டனுக்கும் நிர்வாகத்துக்கும் முட்டிக்கொண்டது. பொது மேடையில் அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் டாரில் மோரியைப் பொய்யர் என்றார், லீக் 100,000 டாலர் அபராதம் போட்டது, அந்த அக்டோபர் கடைசியில் கிளிப்பர்ஸுக்குப் போனார். டக்கர் உள்ளிட்டோரோடு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே பேசியதற்காக ஃபிலடெல்ஃபியா இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் இழந்தது.

ஜேலன் பிரன்சன் 113 மில்லியனை விட்டுக்கொடுத்தார் என்கிறார்களே?

பிரன்சன் 2024 ஜூலையில் நியூயார்க் அணியோடு நான்காண்டு 156.5 மில்லியன் நீட்டிப்பில் கையெழுத்திட்டார். ஓராண்டு காத்திருந்தால் ஐந்தாண்டு 269.1 மில்லியன் கிடைத்திருக்கும். கழித்தால் 113 வரும்தான். ஒன்று நான்காண்டு, மற்றது ஐந்தாண்டு என்பதை மறந்துவிட்டுக் கழித்த கணக்கு அது.

நான்காம் ஆண்டு வீரர் விருப்பம். 2028 கோடையில் அவருக்குப் பத்தாண்டு அனுபவம் முடிந்திருக்கும், 35 சதவீத உச்சத்துக்குத் தகுதி வந்துவிடும். அப்போது வெளியேறினால், ஒப்பிட வேண்டியது முதல் மூன்று ஆண்டுகளை மட்டும்: சுமார் 150 மில்லியனுக்குப் பதில் 113. உண்மையான விட்டுக்கொடுப்பு 37 மில்லியன் அளவு. அதற்கு ஈடாக, காத்திருக்கும் அந்த ஓராண்டில் பெரிய காயம் வந்தால் எல்லாம் போகும் என்ற பயம் ஒழிந்தது. அணிக்கும் ஏப்ரனுக்குக் கீழே மூச்சுவிட இடம் கிடைத்தது. தாராளமான முடிவுதான். ஆனால் தலைப்புச் செய்தி சொன்ன அளவுக்கு அல்ல.

பெரிய ஆஃபரை மறுத்துவிட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும்?

கைக்கு எட்டாத பலாப்பழத்தைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்பது இந்தச் சந்தையில் பலமுறை உறுதியாகியிருக்கிறது. டென்னிஸ் ஷ்ரோடர் லேக்கர்ஸின் நான்காண்டு 84 மில்லியன் நீட்டிப்பை மறுத்ததாகச் செய்திகள் வந்தன. 2021-ல் பாஸ்டனில் ஓராண்டு 5.9 மில்லியனுக்கு ஆடினார். நெர்லன்ஸ் நோயல் 2017-ல் சுமார் 70 மில்லியன் ஆஃபரை மறுத்ததாகச் சொல்லப்பட்டது. கடைசியில் 4.2 மில்லியன் தகுதி ஆஃபரில் (கட்டுப்பாடுள்ளவருக்குப் பழைய அணி தரும் ஓராண்டு ஆஃபர்) ஆடினார்.

காரணம் எளிது. ஜூலை முதல் வாரத்திலேயே வரம்புக்குக் கீழே உள்ள இடம் தீர்ந்துவிடும். அதன்பின் மிட்-லெவல்களும் தீரும். ஆகஸ்டில் மிஞ்சியிருப்பவருக்கு, திறமை அதே அளவு இருந்தாலும், தர யாரிடமும் விலக்கு இருக்காது.

மாநில வரி எவ்வளவு மாற்றும்?

டெக்ஸஸ், ஃபுளோரிடா, டென்னசி மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். 20 மில்லியன் வாங்கும் கலிஃபோர்னியாவாசி மாநிலத்துக்கு 2 மில்லியனுக்கும் மேல் கட்டுவார். டெக்ஸஸுக்குப் போனால் அத்தனையும் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. வெளியூர் ஆட்டம் ஆடும் இடங்களில், வருமான வரி உள்ள மாநிலங்கள் பெரும்பாலும் அங்கே வேலை செய்த நாட்களுக்கு வரி பிடிக்கும். கனடாவில் ஒன்டாரியோவின் உச்ச விகிதம், மத்திய வரியும் மாகாண வரியும் சேர்ந்து, 53 சதவீதத்தைத் தாண்டும். டொரொண்டோ ஆள் சேர்க்கத் திணறுவதற்குப் பனி மட்டும் காரணமல்ல.

இது தவிர எல்லோருக்கும் சம்பளத்தில் 10 சதவீதம் எஸ்க்ரோவில் (தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் கணக்கில்) பிடிக்கப்படும். லீக் வருமானத்தில் வீரர்களின் பங்கு எவ்வளவு என்று கணக்கு முடிந்தபின், அதற்கேற்ப முழுதாகவோ பகுதியாகவோ திரும்பும். ஆண்டுக்கு 2 மில்லியன் வித்தியாசமுள்ள இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது, கையில் வருவதைக் கணக்கிடாமல் முடிவெடுப்பது முட்டாள்தனம்.

"வெற்றி அணி" என்று நம்பிப் போனால் அது எத்தனை நாள் அப்படியே இருக்கும்?

முன்னைவிடக் குறைந்த நாள்தான். 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன், இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே வர, 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் ட்ரேடு செய்தது. கிளே தாம்ப்சன் 2024-ல் டல்லஸுக்குப் போனார், மூன்றாண்டு 50 மில்லியன். டல்லஸ் அப்போதுதான் இறுதிச்சுற்று ஆடி முடித்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்த அணி லூகா டான்சிச்சையே லேக்கர்ஸுக்குத் தள்ளிவிட்டது. அந்த சீசன் பிளேஆஃப் இல்லாமல் முடிந்தது. யாரோடு ஆட வந்தாரோ அவரே இல்லை, ஒப்பந்தம் மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம்.

எனவே போன சீசனின் வெற்றிக் கணக்கைப் பார்ப்பதைவிட, முதல் மூன்று வீரர்களின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அடுத்த ஆண்டு சம்பளப் பட்டியல் எந்த ஏப்ரனுக்கு அருகே நிற்கிறது, உங்கள் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார் என்று பார்ப்பது பயன் தரும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கோப்பை அணியில் பெஞ்சில் எட்டு நிமிடம் கிடைத்தால், அடுத்த ஜூலையில் சந்தை மதிப்பு சரிந்திருக்கும்.

வயதானவர்கள் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போவது சரியா?

சம்பாதித்து முடித்தவர்களுக்குச் சரி, கோப்பை நிச்சயம் என்று நம்பாத வரை. கார்ல் மலோன் 2003-ல் 19 மில்லியன் சம்பளத்திலிருந்து 1.5 மில்லியனுக்கு லேக்கர்ஸில் சேர்ந்தார். முழங்கால் காயத்தோடு 2004 இறுதிச்சுற்றில் டெட்ராயிட்டிடம் தோல்வி, கோப்பை இல்லாமலே ஓய்வு. டேவிட் வெஸ்ட் 2015-ல் 12.6 மில்லியனை விட்டு சுமார் 1.5 மில்லியனுக்கு சான் அன்டோனியோ போனார். அணி 67 ஆட்டம் வென்று இரண்டாம் சுற்றில் வெளியேறியது. பிறகு கோல்டன் ஸ்டேட்டுக்கு மாறி 2017, 2018 இரண்டிலும் வென்றார்.

இங்கே மூத்தவர்களுக்கு லீக் ஒரு சலுகை செய்திருக்கிறது. 2025-26-ல் பத்தாண்டு அனுபவமுள்ளவரின் குறைந்தபட்சம் சுமார் 3.6 மில்லியன். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் அணிக் கணக்கில் சுமார் 2.3 மில்லியன்தான் ஏறும், மீதியை லீக் தரும். மூத்தவர் என்பதாலேயே அவரைத் தவிர்க்க அணிக்குக் காரணம் இருக்காது.

ஒப்பந்தத்தில் தொகை தவிர வேறென்ன கேட்க வேண்டும்?

வீரர் விருப்ப ஆண்டு. முதல் தேர்வு எப்போதும் இதுதான்: நன்றாக ஆடினால் வெளியேறலாம், சறுக்கினால் தங்கலாம். அணி விருப்ப ஆண்டு இதற்கு நேர் எதிர். அடுத்து, ட்ரேடு செய்தால் மீதமுள்ள சம்பளத்தில் 15 சதவீதம் வரை கூடுதல் போனஸ். எட்டு சீசன் அனுபவமும் அதில் நான்கு அதே அணியிலும் உள்ளவர், தன் சம்மதமின்றி ட்ரேடு செய்யக் கூடாது என்ற பிரிவைக் கேட்கலாம். கிடைப்பது அரிது. பிராட்லி பீல் 2022-ல் வாஷிங்டனில் 251 மில்லியனோடு அதையும் வாங்கினார். பின்னர் ட்ரேடில் அவரைப் பெற்ற ஃபீனிக்ஸ், அவரை நகர்த்த முடியாமல் திண்டாடி, 2025-ல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அவர் சுமார் 13.9 மில்லியனைத் திருப்பிக் கொடுத்து, கிளிப்பர்ஸில் இரண்டாண்டு 11 மில்லியனுக்குச் சேர்ந்தார். கொடுத்ததில் முக்கால்வாசிக்கும் மேல் திரும்பக் கிடைத்தது, வாங்கிய பணமும் கையில் இருந்தது.

தோற்கும் அணியில் பணத்தை வாங்கிக்கொண்டு, சீசன் நடுவில் விடுபட்டு வலுவான அணியில் சேரலாமா?

மார்ச் 1-க்குள் பழைய அணி விடுவித்தால், புதிய அணிக்காக பிளேஆஃபில் ஆடலாம். ஒரு நாள் தாமதமானாலும் முடியாது. பழைய சம்பளம் முழு மிட்-லெவலைவிட அதிகமாக இருந்த வீரரை, முதல் ஏப்ரனைத் தாண்டிய அணிகள் இப்படி நடுவில் எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதனால் 20 மில்லியன் வாங்கும் ஒருவர் கோடையிலேயே இந்தத் திட்டத்தோடு கையெழுத்திட்டால், பிப்ரவரியில் அவருக்குக் கதவைத் திறக்க முடியாதவை பெரும்பாலும் அவர் சேர விரும்பிய அணிகளாகவே இருக்கும்.